தேநீர்க் கடையில் ஒரு கையொப்பம்

விழாமலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, கல்லூரி நினைவுகளை எழுதுவதா, அன்றிச் சில காலமாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சிறு விடயத்தை எழுதுவதா என்று தயங்கினேன். பழைய நினைவுகளைச் சுவைபட எழுத வல்லார் நம்முள் பலர் உளர். ஆதலின் பிந்தியதையே தெரிந்துகொண்டேன்.

ஊர் எழுத்தாளன் ஒருவன் தன் நூலைச் சிறுபட்டினத்துத் தேநீர்க் கடையிலோ கோப்பிக் கடையிலோ வைத்து, வாங்குவோருக்குக் கையொப்பமிட்டுக் கொடுப்பது தகுமா என்பதே அவ்விடயம். தகும் என்பது மட்டுமன்று. யான் வாழும் சிலாபம் போன்ற ஊர்களில் அஃது இன்றியமையாதது என்பதே என் துணிபு.

ஆசிரியத் தொழிலை முன்னிட்டுச் சிலாபத்துக்கு வந்த யான், ஓய்வு பெற்ற பின்னரும் அங்கேயே தங்கிவிட்டேன். சில ஆண்டுகளின் முன் கட்டுரைகள் சிலவற்றைத் தொகுத்து, என் சொந்தச் செலவில் 300 பிரதிகள் அச்சிடுவித்தேன். நம்மவர் வழக்கப்படி வெளியீட்டு விழாவும் நடந்தது. மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை என மூன்று மணி நேரம் கழிந்தது. பெரியவர் ஒருவர் முதற்பிரதி பெற்றார். ஏனையோர் பெயர் கூப்பிடப்பட்ட வரிசையில் மேடையேறி, கடிதவுறையை நீட்டி, பிரதியை வாங்கி, படப்பிடிப்பாளரை நோக்கிப் புன்னகை செய்து இறங்கினர். அன்றிரவு கணக்குப் பார்த்தபொழுது அச்சுக்கூலியிற் பாதி தேறியிருந்தது. என் மனம் தேறவில்லை. வந்தவர்களுள் ஒருவராவது நூலைத் திறந்து ஒரு பக்கம் வாசித்ததை யான் காணவில்லை. அவர்கள் என் முகத்துக்காக வந்தார்கள். என் எழுத்துக்காக அன்று. எஞ்சிய பிரதிகள் என் கட்டிலின் கீழ்க் குடியேறின.

பஸ் நிலையத்தை அடுத்துத் தேநீர்க் கடை நடத்தும் என் பழைய மாணாக்கன் ஒருவன், ஒருநாள் இக்கதையைக் கேட்டுவிட்டு, “சேர், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடையிலே ஒரு மேசை தாறன், கொண்டுவந்து வையுங்கோ” என்றான். வெட்கத்துடனேதான் சென்றேன். முதல் ஒரு மணி நேரம் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னர் மீன் லொறிச் சாரதி ஒருவர் தேநீருடன் வந்து எதிர்க் கதிரையில் அமர்ந்தார். நூலைக் கையிலெடுத்துப் புரட்டினார். “தமிழ் பேசுவன் ஐயா, எழுத்துத்தான் தெரியாது. படிச்சது சிங்களப் பள்ளிக்கூடம். ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்கோ” என்றார். கடலோர வாழ்க்கையைப் பற்றிய ஒரு கட்டுரையை வாசித்தேன். தேநீர் ஆறியதையும் அவர் கவனிக்கவில்லை. விலையைக் கேட்டு, எண்ணிக் கொடுத்து, தம் மகளின் பெயருக்குக் கையொப்பமிடச் சொன்னார். பள்ளியில் அவள் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்கின்றாளாம். விழா மண்டபத்தில் யான் பெறாத பேற்றை அந்தப் பழைய மேசையிற் பெற்றேன்.

இந்நிகழ்ச்சியை யான் பெரிதாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நீர்கொழும்பு முதல் சிலாபம், புத்தளம் வரையுள்ள கரையோரத்திலே, முன்னோர் தமிழ் பேசிய குடும்பங்கள் பல இன்று சிங்களமே பேசுகின்றன. பள்ளிகளிற் போதனாமொழி மாறியமை இதற்கு ஒரு பெருங்காரணம். எவரையும் குறைகூறும் பொருட்டு இதனை எழுதினேனல்லேன். சிங்களம் கற்றல் நன்று. அயலவன் மொழியை அறியாது அவனோடு வாழ்தல் எங்ஙனம்? முன்னேஸ்வரத்தில் இரு மொழியினரும் ஒரே சந்நிதியிற் கைகூப்பி நிற்பதை நாம் காண்கிறோம். ஆயினும் ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழத்தல் வேண்டுமென்பது விதியன்று. சிலாபத்துக்கு வடக்கே உடப்பிலே கரைவலை இழுப்போர் அம்பாப் பாடல் பாடிய தமிழ், நாவிலும் செவியிலும் வாழ்ந்த தமிழ். நாவில் உள்ள மொழி கையில் நூலாக வந்து சேராவிடின், மூன்றாந் தலைமுறையில் நாவிலிருந்தும் அகன்றுவிடும். சிறுபட்டினத்துப் புத்தகக் கடைகளிலோ பயிற்சிக் கொப்பிகளும் பரீட்சை வழிகாட்டிகளுமே பெரும்பாலும் இடம்பிடித்துக்கொள்கின்றன. அப்படியாயின் கதைநூலும் கவிதைநூலும் சாதாரண மனிதன் கண்ணில் எங்கே படும்? அவன் நாள்தோறும் வந்து அமரும் இடத்திலேதான் படவேண்டும்.

சிலாபத்துக்கும் தமிழ் நூலுலகுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி இந்நகரில் மாவட்ட நீதிபதியாகக் கடமையாற்றியவர். தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் வரலாற்றைத் தொகுத்து ஆங்கிலத்தில் அவர் எழுதிய ‘தமிழ் புளூராக்’ 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். அவரே 1841இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் மாத இதழையும் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. எழுதுவோர் இக்கரையில் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். எழுதியதை ஏந்தும் கைகளே அருகின.

‘கையொப்பம்’ என்னும் சொல்லையே சிறிது நோக்குவோம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, நூலொன்றை அச்சிட முற்பட்டவர் முன்கூட்டியே அன்பர்களிடம் கையொப்பம் பெறுவது வழக்கமாயிருந்தது. இன்ன நூல் வெளிவந்தால் இத்தனை பிரதி வாங்குவேன் என்று வாசகன் வாக்களித்து இடுவதே அக்கையொப்பம். 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்புக்கு உ. வே. சாமிநாதையர் அவ்வாறு கையொப்பம் தேடி அலைந்தவர். அன்று வாசகன் கையொப்பமிட்டான், நூல் பிறந்தது. இன்று ஆசிரியன் கையொப்பமிடுகின்றான். அதனை வெறும் ஆடம்பரமாகக் கருதாது, அந்தப் பழைய உடன்படிக்கையின் மறுபாதியாகக் கருதினால் அதன் பெருமை விளங்கும். ‘நீ வாங்கினாய், யான் உனக்குக் கடமைப்பட்டேன்’ என்பதே அதன் பொருள்.

தேநீர்க் கடையில் நூல் விற்பது கல்விக்கு இழுக்கென்று கூறுவார் உளர். வடைத்தட்டுக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் நடுவே வாணியை வைப்பதா என்பர். நம் ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியது, நூல்கள் ஏட்டுப்பெட்டியை விட்டுப் பலர் கையிலும் செல்லவேண்டும் என்பதற்கன்றோ? டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ யாழ்ப்பாணத்தில் ஒரு சிகையலங்கார நிலையத்திலிருந்து வெளிவந்தது. அவர் தம் இதழைத் தாமே கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றார். அவ்விதழ் நான்கு தசாப்தங்களுக்கு மேல் வாழ்ந்தது. மாட்சிமை இடத்தால் வருவதாயின் மல்லிகை மணந்திராது. ஆங்கிலேயரும் இதற்கு விலக்கல்லர். 1713இல் அடிசன் முதலியோர் ‘கார்டியன்’ பத்திரிகைக்கு வரும் கடிதங்களை இடுவதற்கென லண்டனில் ஒரு கோப்பிக் கடையிலே சிங்கத்தலைப் பெட்டியொன்றை வைத்திருந்தனர். எழுத்தாளனும் வாசகனும் கோப்பிக் கடையிற் சந்திப்பது இலக்கிய உலகில் மிகப் பழைய வழக்கம்.

மற்றோர் ஆட்சேபம் இதனினும் வலிது. ஊரறிந்த ஒருவர் மேசைபோட்டு உட்கார்ந்தால், தேநீர் குடிக்க வந்தவன் முகதாட்சணியத்துக்காக வாங்கமாட்டானா? மேடையில் நடந்த அதே நாடகம் கடையிலும் நடவாதா? நடக்கக்கூடும், எச்சரிக்கையாயிராவிடின் நடந்தே தீரும். ஆகையால் சில நியமங்களை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். விலை நூலின்மேல் அச்சிட்டபடியே இருக்கட்டும், கடிதவுறை வேண்டாம். வாங்கியவர் பெயரை எவரும் உரத்துக் கூறவேண்டாம். புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பவனுக்கும் வாங்குபவனுக்குக் காட்டும் அதே முகத்தைக் காட்டல் வேண்டும். கடைக்காரருடைய வியாபாரம் கெடாதபடி, கூட்டம் குறைந்த பிற்பகல் வேளையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். எழுத்தாளரும் நண்பரும் தாம் குடிக்கும் தேநீருக்குத் தவறாது காசு கொடுத்தலும் வேண்டும். பேச்சாளர் ஒருவரும் வேண்டாம். கேட்பவர் இருந்தால் ஒரு பக்கம் வாசிக்கலாம். அவ்வளவே.

வெளியீட்டு விழாக்களை அடியோடு ஒழிக்கவேண்டுமென்று யான் கூறவில்லை. அறிஞர் ஒரு நூலைச் சபையில் ஆராய்வதற்கு மண்டபம் வேண்டியதே. ஆனால் விழா முடிந்த மறுநாள் அந்நூலின் வாழ்வு முடிந்துவிடலாகாது. நம் பழைய மாணவர் பலர் பல ஊர்களிற் கடை வைத்திருக்கின்றனர். பலர் நூல் எழுதியிருக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டால், மாதத்துக்கு ஒரு பிற்பகலேனும் ஊருக்கு ஒரு மேசை கிடைக்காதா? ஆசிரியர்கள் தம் மாணாக்கரை அங்கே அனுப்பி, எழுதியவனை நேரிற் கண்டு வினாவச் செய்யலாகாதா? பெருஞ் செலவில்லாத தொண்டு இது.

அந்தச் சாரதியின் கதை அன்றோடு முடிந்துவிடவில்லை. மூன்று வாரங்களின் பின் அதே கடைக்கு அவர் தம் மகளையும் அழைத்து வந்தார். பன்னிரண்டு வயதிருக்கும். நூலில் ஒன்பது சொற்களின்கீழ்ப் பென்சிலாற் கோடிட்டிருந்தாள். “இதுக்கெல்லாம் கருத்து என்ன சேர்?” என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏழாவது சொல்லுக்குத் தந்தையே முந்திக்கொண்டு பொருள் சொன்னார். அது வலையைப் பற்றிய ஒரு சொல். மகள் அவரை வியப்போடு பார்த்தாள்.

கட்டிலின் கீழ் இன்னும் சில பிரதிகள் உள. அடுத்த ஞாயிறும் போவேன்.

— பழைய மாணவன் ஒருவன்