காணியை விட்டால் போதுமா?

கேப்பாப்புலவு மக்கள் 2017 மார்ச் 1ஆம் திகதி முகாம் வாசலில் உட்கார்ந்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் 133 ஏக்கர் கிடைத்தது. மிச்சக் காணிக்காக அதன் பிறகும் வருடக்கணக்கில் போராடினார்கள்.

வன்னிக் காணி விசயம் தோட்டத் தொழிலாளர் பத்திரிகைக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடிய நம் ஆட்கள் எங்கே போனார்கள்? வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போய், அங்கே காடு வெட்டிப் பிழைத்தார்கள்.

முகாம் என்பது ஒரு சிறு பட்டணம். மலசலகூடக் குழி, வாகனக் கொட்டகையில் சிந்திய எண்ணெய், கொங்கிரீட் தளம், கூரைச் சீட் எல்லாம் அங்கே இருக்கும். படை போகும்போது சில கட்டிடத்தை உடைப்பார்கள், சிலதை அப்படியே விடுவார்கள். வன்னிச் சனம் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று அளந்து பார்க்க வேண்டியது யார்?

தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் தாக்க மதிப்பீடு சேர்க்கப்பட்டது. எந்த வேலைகளுக்கு அது வேண்டும் என்று 1993இல் வர்த்தமானி வந்தது. 99 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. இராணுவ முகாம் அப்படி இல்லை. கேப்பாப்புலவுக்குப் பக்கத்து நந்திக்கடலை 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தார்கள். மீன் பிடிக்கிறவனுக்கு மட்டும் சுற்றாடல் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது!

உடைக்கிற வேலை கடைசியில் நாட்கூலிக்காரன் தலையில்தான் விழும். அஸ்பெஸ்டஸ் சீட்டைச் சம்மட்டியால் அடித்தால் கிளம்பும் தூசு நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். தண்ணீர் தெளித்து, ஆணி கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். லயத்துக் கூரை பிரிக்கும்போதும் இதேதான்; அதை நாமே பல இடத்தில் கவனிப்பதில்லை.

ஆகவே காணி கைமாறுமுன் சுற்றாடல் அதிகாரசபையும் பி.எச்.ஐ.யும் உரிமையாளரை வைத்துக்கொண்டே பார்த்து எழுதித் தர வேண்டும். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். குழியை மூடுவதும் இடிபாட்டை அள்ளுவதும் பாதுகாப்பு அமைச்சின் செலவு. எந்தக் கட்டிடத்தை உடைப்பது, எதை விடுவது என்று காணிக்காரர் சொல்லட்டும்.

ஒன்றில் கவனம் வேண்டும். சோதனை முடியவில்லை என்று சொல்லிக் காணியை இன்னும் ஒரு வருடம் பிடித்து வைக்க இடம் கொடுக்கக் கூடாது. திகதி குறித்த பிறகுதான் சோதனை. வருகிற மாவட்டக் கமிட்டியில் இதை இப்படியே தீர்மானமாக வைக்கலாம்.