நீதியின் வாயிலில் எத்தனை கதவுகள்?

சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்பார்கள். இலண்டனிலே ‘டெம்பிள்’ என்றொரு வட்டாரம். பெயர் கோயில், உள்ளே பாரிஸ்டர்கள். தனித்தனியே தொழில் புரிவோர் பலர் கூடிச் ‘சேம்பர்’ அமைப்பர். நாள் குறிப்பதும், கட்டணம் பேசுவதும், வழக்கைப் பகிர்வதும் குமாஸ்தாவின் கையில். பாரிஸ்டரின் வருவாயில் பங்கு பெறுவது அவரது பழைய உரிமை.

பாரிஸ்டர் பெறுவது கூலியன்று, காணிக்கையாம்! அதற்காக வழக்கிட அவருக்கு உரிமையில்லை என்று 1863இல் ‘கென்னடி எதிர் பிரவுன்’ வழக்கிலே தீர்ப்பளித்தனர். 1990ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்பந்தத்துக்கு வழி திறந்தது. காணிக்கை என்றதால் ஏழையின் சுமை குறைந்ததா? பேரம் திரைக்குப் பின்னே நடந்தது, அவ்வளவே!

பாதிக்கப்பட்டவன் நேரே அணுகவும் தடை. முதலில் சொலிசிட்டர், அவர் வழியே குமாஸ்தா, பிறகே பாரிஸ்டர். பொதுமக்களுக்கு நேர்வழி பிறந்தது 2004இல்தான். இன்றும் அதற்கெனப் பயிற்சி பெற்ற பாரிஸ்டரைத் தேடி, வழக்கின் சுருக்கத்தைச் சேம்பருக்கு எழுதி, வேலையும் கட்டணமும் குறித்த கடிதம் பெற்றே தொடங்கவேண்டும்.

வாடகை வண்டி வரிசைபோல, தகுந்த கட்டணமும் நேரமும் இருப்பின், தம் துறையில் வந்த வழக்கை மறுக்கலாகாது என்றொரு விதியுண்டு. நல்ல விதி, போற்றுகிறோம். ஆனால் சொலிசிட்டர் போன்ற தொழிலர் வழியே வந்தால்தான் அது செல்லுமாம். நேரே வந்தவனை மறுக்கலாமாம்!

தோழர்களே, ஆள் பார்த்துப் பேசும் விதி அறமாகுமா? கதவைத் திறந்தவர்கள் அந்தக் காப்பையும் எளியவனுக்கு வழங்கட்டும். தரகனுக்குத் திறந்து, தவிப்பவனுக்குத் தயங்கும் வாசலை நீதியின் வாசல் என்று நாம் அழைக்கமாட்டோம்.