கடல் தந்த மருந்தும் மூடிய ஆலையும்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் செம்பரம்பாக்கத்துக்கு அடுத்து தண்டலம். அதைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கார் ஆலைகளும் கல்லூரி வளாகங்களும்தான், கடல் எங்கோ கிழக்கே. ஆனாலும் கடலிலிருந்து மருந்து எடுப்பது பற்றிய விவாதத்தை ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் தொடங்குவதைவிட இங்கே தொடங்குவதே பொருத்தம். இத்தாலியின் சர்டீனியாத் தீவில் காலியாரி நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில், 1945-இல் ஜுசெப்பே பிரோட்சு என்ற மருத்துவர் ஒரு பூஞ்சையைக் கண்டெடுத்தார். இன்று எந்த மருத்துவமனையும் தவிர்க்க முடியாத செபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகள் அதன் வழிவந்தவை. அந்த வகை ஊசிமருந்துகளை இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஆர்க்கிட் நிறுவனம் தயாரித்து ஏற்றுமதி செய்தது. 2010-இல் அந்தத் தொழிலை அமெரிக்காவின் ஹோஸ்பிரா சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது. 2015-இல் ஹோஸ்பிராவையே ஃபைசர் வாங்கியது. 2019 தொடக்கத்தில், தேவை குறைந்துவிட்டதென்று சொல்லி ஆலையை மூடுவதாக ஃபைசர் அறிவித்தது. கடல் மருந்துக்குப் புதிய ஆய்வுக் கப்பல்களும் ஆழ்கடல் திட்டங்களும் கேட்பவர்கள் இந்தக் கதையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நமக்குப் பற்றாக்குறை தேடலில் இல்லை. தேடிக் கிடைத்ததை மருந்தாகும் அளவுக்குப் பெருக்கும் நடுக்கட்டத்தில் இருக்கிறது.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. கடலுயிரிகளிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மருந்துகளோ இருபதைச் சுற்றித்தான் நிற்கின்றன. நச்சுத்தன்மையால் விழுந்தவை பல. தப்பியவற்றையும் ஆண்டுக்கணக்கில் காக்கவைத்தது ஒரு கேள்வி: போதுமான சரக்கு எங்கிருந்து வரும்? கரீபியன் கடலோரத்துச் சதுப்புநில மரவேர்களில் ஒட்டி வாழும் பை போன்ற ஓர் உயிரியில் டிராபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. ஒரு கிராம் வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு டன் உயிரியை அரைக்க வேண்டும். கடலில் பண்ணை வைத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. சூடோமோனாஸ் ப்ளோரசன்ஸ் என்ற சாதாரண பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அது சுரக்கும் வேறொரு பொருளை வேதிவினையால் மாற்றலாம் என்று ஸ்பெயினின் பார்மாமார் நிறுவனம் கண்டுகொண்ட பிறகுதான் வழி பிறந்தது. 2007-இல் ஐரோப்பா அனுமதித்தது. ஜப்பானியக் கடற்பஞ்சிலிருந்து 1986-இல் வெளிப்பட்ட ஹாலிகாண்ட்ரின் இன்னும் பிடிவாதமானது. நியூஸிலாந்தில் ஒரு டன் கடற்பஞ்சை அள்ளியும் தேறியது சுமார் 300 மில்லிகிராம். ஹார்வர்டின் யோஷிடோ கிஷி 1992-இல் அந்த மூலக்கூறை முழுக்க ஆய்வகத்திலேயே கட்டியெழுப்பினார். அதன் ஒரு பாதியே போதும் என்று தெரியவந்து, அறுபதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகளைக் கடந்து, மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலினாக 2010-இல் சந்தைக்கு வந்தது. இந்தக் கதைகளில் மூச்சடக்கி மூழ்கியவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் முடிவைத் தீர்மானித்தவர்கள் நொதிப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? தண்டலத்தில் சவீதா மருத்துவக் கல்லூரியும் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையம், மண்டபத்தில் மத்திய அரசின் ஆய்வு நிலையங்கள். தமிழகக் கல்வி வளாகங்களிலிருந்து வரும் கடல்மருந்து ஆய்வுத்தாள்களில் பாதியை ஒரே அச்சில் வார்த்துவிடலாம். கடற்பாசியை நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றை ஒரு காகித வில்லையில் நனைத்து, பாக்டீரியா பரப்பிய கண்ணாடித் தட்டில் வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரியும். அதை மில்லிமீட்டரில் அளந்து, கணினியில் ஒரு மூலக்கூறு கிருமியின் புரதத்தில் பொருந்துவதுபோல் படம் போட்டு, 'எதிர்கால மருந்துக்கு வாய்ப்பு' என்று முடிப்பார்கள். ப்ளீச்சிங் பவுடரை வைத்தாலும் வட்டம் விழும் என்பதை யாரும் எழுதுவதில்லை. சாற்றில் எந்த மூலக்கூறு வேலை செய்தது, அதை ஒரு கிராம் தூய்மையாகத் தர முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. அங்கே பணமும் கருவியும் தீர்ந்துபோகின்றன. ஆய்வாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதவி உயர்வு தாள்களின் எண்ணிக்கைக்குக் கிடைக்கிறது, கிராமுக்கு அல்ல. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தை நடுவாக வைத்து மத்திய அரசு நடத்திய கடல்மருந்துத் திட்டத்துக்கு முப்பது வயதுக்கு மேலாகிறது. மருத்துவர் சீட்டில் எழுதும் மருந்தாக எதுவும் வெளிவரவில்லை. நம் கடலிலிருந்து கடைக்கு வந்தவை, மூட்டுவலிக்கான 'கடல்மீன்' போன்ற கடற்பாசித் துணையுணவுகள். அவற்றை மருந்தின் கணக்கில் சேர்க்க முடியாது.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்கிறார்கள் சிலர். ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளில் எதை முதலில் சோதிப்பது என்று கணினி வரிசைப்படுத்தித் தரும். அந்த உதவி பெரியது. ஆனால் திரையில் பொருந்திய மூலக்கூறைக் குப்பியில் நிரப்பித் தர அதனால் ஆகாது. வரிசை விரைவாகத் தயாராகும்போது, தயாரிப்பு வசதியின் முன் கூட்டம்தான் கூடும். மன்னார் வளைகுடாவைச் சூறையாடக் கதவு திறக்கிறோம் என்ற சூழலியலாளர்களின் கவலைக்குக் கூடுதல் எடை உண்டு. கடல் அட்டையை 2001 முதல் வனவுயிர்ச் சட்டம் காக்கிறது, கடத்தல் இன்னும் ஓயவில்லை. ஆனால் டிராபெக்டெடினை உண்மையில் உண்டாக்குவது அந்தக் கரீபியன் உயிரிக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா என்று பின்னாளில் தெரிந்தது. நுண்ணுயிரிதான் உற்பத்தியாளர் என்றால் கைப்பிடிச் சேறு போதும்; பஹாமாஸ் கடலடிச் சேற்றில் எடுத்த சாலினிஸ்போரா பாக்டீரியாவின் ஒரு பொருள் மூளைப் புற்றுநோய்க்கான இறுதிக்கட்டச் சோதனைவரை போய்த் தோற்றது. தோல்விதான். கடற்பஞ்சு எதையும் அழிக்காமல் வந்த தோல்வி.

இருபது மருந்துக்காக ஒரு மாநிலம் பணத்தைக் கொட்டலாமா என்பதே கடினமான எதிர்வாதம். கடல் மருந்துக்காக மட்டும் என்றால் கூடாது. நொதிப்பு வசதி என்பது கடலுக்கு மட்டுமான முதலீடல்ல. நொதிப்பின் வழி கிடைக்கும், செபலோஸ்போரினின் அடிப்படைப் பொருளான 7-ஏசிஏவுக்கு இந்தியா சீனாவை நம்பியிருந்தது. 2020-இல் மத்திய அரசு உற்பத்தி ஊக்கத்தொகை அறிவித்தபோது அந்தப் பொருளும் பட்டியலில் இருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஆலத்தூரில் வளர்ந்த ஆர்க்கிட், அதற்கான ஆலைக்குத் தேர்ந்தெடுத்தது ஜம்முவை. ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். அதன் பொதுவசதிகளுக்கு மத்திய அரசு 100 கோடி ரூபாய்வரை தர ஒப்புக்கொண்டது. அதன் பக்கத்திலேயே சில நூறு லிட்டர் தொட்டிகளும் தூய்மைப்படுத்தும் கருவிகளும் கொண்ட ஒரு கூடத்தை மாநில அரசு அமைத்து, கல்லூரிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் நாள்வாடகைக்கு விடலாம். தொட்டி காலியாக இருக்கும் நாளில் நொதிப்பொருளோ தடுப்பூசி மூலப்பொருளோ தயாரிக்கட்டும். அதை இயக்கத் தெரிந்தவர்கள், இருங்காட்டுக்கோட்டை ஆலை மூடியபோது வேலை இழந்தவர்களில் இருக்கக்கூடும்.

மிஞ்சுவது, கடல் தரும் லாபத்தில் கடலோர மக்களுக்கான பங்கீடு. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது, அதன் தேசிய ஆணையம் இருப்பதே சென்னையில். மண்டபத்திலிருந்து கப்பாபைகஸ் பாசியை ஏற்றுமதி செய்த பெப்சி நிறுவனம் ஆணையத்துக்கு 30 லட்சம் ரூபாய்க்கு மேல் பயன்பங்கு செலுத்தியது. அந்தப் பாசியின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ் கடல். பிறகு குருசடைத் தீவில் அது பவளத்தின் மீதே படர்ந்தது வேறு வினோதம். வந்தேறிப் பாசிக்கே பங்கு கேட்க முடிந்ததென்றால், பாம்பன் சேற்றில் கிடைக்கும் பாக்டீரியாவுக்குக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. எங்கே எடுத்தது என்ற பதிவு இருந்தால்தான் கேட்க முடியும். காப்புரிமை விண்ணப்பத்தின்போது அதைத் தேடுவது காலம் கடந்த வேலை. வாடகைக் கூடத்துக்குள் மாதிரி நுழையும்போதே எடுத்த இடம், தேதி, உடன்வந்த மீனவர் சங்கம் மூன்றையும் எழுதி வாங்குவதை அனுமதி நிபந்தனையாக வைத்துவிட வேண்டும்.