ஆட்டத்தை நிறுத்துவது யார்?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பெற்றோர் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை கைப்பேசியில் விண்கலம் வைத்துச் சுட்டுக்கொண்டே இருக்கிறான். செயலி எதையும் இறக்கவில்லை, உலாவியிலேயே ஆடுகிறான், காசும் கட்டவில்லை. இது கூடுமா, கூடாதா?"

மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி. ஆயினும் அந்த ஆட்டம் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை அறிந்துகொண்டால் நாம் கேட்கவேண்டிய கேள்வியே சற்று மாறிவிடும்.

இவ்வகை ஆட்டங்களின் முன்னோடி ஸ்பேஸ் இன்வேடர்ஸ். ஜப்பானின் டைட்டோ நிறுவனத்திற்காக டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் வடிவமைத்தார், 1978இல் வெளியானது. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் 55 உருவங்கள் மேலிருந்து இறங்கிவரும். கீழே உள்ள ஒரே பீரங்கியால் அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும். மனிதர்களைச் சுடுவதாக ஆட்டம் அமைவது தகாது என்று கருதப்பட்டதால்தான் வேற்றுலக உயிர்கள் எதிரிகளாயின. இன்றைய ஆட்டங்கள் பலவற்றில் ஓடும் இரத்தத்தைக் காணும்போது அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கதாகவே தோன்றுகிறது.

அதன் உருவங்கள் நம் வட்டாரத்திற்கு முற்றிலும் அந்நியமானவையும் அல்ல. திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி உண்டு அல்லது இல்லை என்று குறித்தே அவை வரையப்பட்டன. ஆரணி, போளூர்ப் பகுதிகளில் பட்டுத்தறியை அறிந்தோருக்கு இது புதிதன்று. கட்டத்தாளில் புட்டாவை வரைந்து, அதற்கேற்ப அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டு பெட்டியில் கோத்துவிடும் முறையும் அதே கணக்குத்தான். துளை இருந்தால் இழை உயரும், இல்லையேல் உயராது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான அந்தத் தறி அட்டையைப் பார்த்தே, இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் இயந்திரத்திற்குத் துளையிட்ட அட்டைகளைத் திட்டமிட்டார். கணினியின் வம்சாவளியில் தறிக்கும் ஓர் இடம் உண்டு.

ஆனால் தறிக்கும் ஆட்டத்திற்கும் பெரிய வேறுபாடு ஒன்றும் இருக்கிறது. சேலைக்கு உடல், கரை, முந்தானை என்று அளவு உண்டு. அளவு நிறைந்ததும் அறுத்தெடுத்து மடித்துவிடுகிறோம். அந்த ஆட்டத்திற்கு முந்தானையே கிடையாது. 55 உருவங்களையும் வீழ்த்தினால் அடுத்த 55 இன்னும் சற்றுத் தாழ்வான இடத்திலிருந்து புறப்படும். எதிரிகள் குறையக் குறைய அவற்றின் வேகமும் கூடும். வரையவேண்டிய உருவங்கள் குறைந்தால் அக்கால இயந்திரம் விரைந்து இயங்கியது. நிஷிகாடோ அதனைக் குறையாகக் கருதாமல் அப்படியே விட்டுவைத்தார். ஆடுபவனின் பதற்றம் ஏறிக்கொண்டே போகும். அவன் தோற்கும்போதுதான் ஆட்டம் நிற்கும்.

கடையில் வைத்த இயந்திரத்திற்கு அப்போது ஒரு வேலி இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஜப்பானில் 100 யென் நாணயம் போட வேண்டும். சட்டைப்பை காலியானால் சிறுவன் வீடு திரும்பியாக வேண்டும். இன்று உலாவியில் அந்த வேலி இல்லை. நாணயம் வேண்டாம், கடை அடைக்கும் நேரமும் இல்லை. தோற்ற மறுநொடியே "மீண்டும் ஆடு" என்ற பொத்தான் வந்து நிற்கிறது. ஆகவே, ஆட்டத்தை நிறுத்துவது யார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

விளையாட்டையே இஸ்லாம் வெறுக்கிறது என்று எண்ணுவோர் உள்ளனர். பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டிகளைக் கொண்டு விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு மகிழவும் இடமளித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயத்திலும் ஈடுபட்டார்கள். அதே மார்க்கம்தான் அஸ்ர் அத்தியாயத்தில் காலத்தின்மீது ஆணையிட்டு, மனிதனின் நஷ்டத்தைப் பேசுகிறது; ஒரு நாளை ஐந்து பாங்குகளால் பிரித்தும் வைத்திருக்கிறது. மகிழ்வதற்கு இடமுண்டு, அந்த மகிழ்ச்சி தொழுகையையும் கடமையையும் விழுங்கிவிடக் கூடாது.

சூதாட்டத்தைப் பற்றி ஐயமே இல்லை, அது ஹராம். நாட்டின் சட்டமும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் தடைசெய்தது. ஆனால் இலவச ஆட்டத்தைச் சுற்றிலும் விளம்பரங்கள் மின்னுகின்றன. பந்தயத்திற்கு அழைக்கும் விளம்பரமும் அவற்றிடையே வரக்கூடும். பிள்ளை எந்தப் பக்கத்தில் ஆடுகிறான் என்பதைப் பெற்றோர் ஒருமுறையேனும் அருகிலிருந்து பார்ப்பது அவசியம்.

"கைப்பேசியையே கொடுக்காவிட்டால் தீர்ந்தது" என்பர் சிலர். சிறு பிள்ளைகளுக்கு அது பொருந்தலாம். பதினைந்து வயது மகன் இன்னும் மூன்றாண்டுகளில் திருவண்ணாமலையிலோ வேலூரிலோ கல்லூரி விடுதியில் இருப்பான். அங்கே பிடுங்கி வைக்க நாம் இருக்க மாட்டோம். தானே நிறுத்தும் பழக்கம் அவனிடம் இல்லையென்றால், நம் வீட்டுத் தடை விடுதி வாசலோடு முடிந்துவிடும்.

அப்பழக்கத்தைப் பயிற்றுவிக்க இத்தகைய பழைய ஆட்டம் தோதானது. இதில் ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் தோல்வியில் முடிந்துவிடும். ஆகவே "அரை மணி நேரம்" என்று சொல்வதைவிட "மூன்று ஆட்டம்" என்று பேசி முடிவு செய்யலாம். நடுவில் பிடுங்கினால் கோபம் வரும்; மூன்றாவது முடிந்ததும் அவனே கொண்டுவந்து கொடுத்தால் அது ஒழுக்கம். மஃரிபுக்குச் சற்று முன்னர் தொடங்காதிருப்பதும் அந்த ஒப்பந்தத்தில் சேரட்டும்.

சற்று அதிகம் ஆடும் பிள்ளையை "நோயாளி" என்றும் ஏசிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறை நோய்ப்பட்டியலில் சேர்த்திருப்பது உண்மையே. ஆனால் கட்டுப்பாடு இழத்தல், மற்ற அனைத்தையும்விட ஆட்டத்திற்கே முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டுக் காலம் நீடித்தாலே அப்படிக் கருதப்படுகிறது. அத்தகைய நிலை தெரிந்தால் ஏச்சு பயன்படாது. மருத்துவரை அணுகுவதே முறை.

இறுதியாக நம்மைப் பற்றி. தாயும் தந்தையும் பகல் முழுதும் தறியிலோ கடையிலோ இருக்கும் வீடுகளில், பிள்ளை அமைதியாக இருக்கட்டும் என்று கைப்பேசியை நாமே கொடுக்கிறோம். அதில் குற்றம் காண்பது எளிது. அவ்வீட்டின் நெருக்கடியை அறிந்தவர் அப்படிப் பேசமாட்டார். ஆயினும் வேலை முடிந்த பின்னும் தந்தையின் விரல் குறும்படங்களைத் தள்ளிக்கொண்டே இருக்குமானால், மகனுக்கு நாம் சொல்லும் "போதும்" என்ற சொல்லுக்கு எடை இராது. அவனுடைய ஆட்டமாவது தோல்வியில் நிற்கிறது. நம் கையில் ஓடுவது அப்படியும் நிற்பதில்லை. பாங்கு கேட்டதும் முதலில் கைப்பேசியைக் கீழே வைக்கவேண்டியவர் தந்தையே.

நேரம் எனும் அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.