பேனரில் இல்லாத பிள்ளைகள்

மே மாதம் ப்ளஸ் டூ முடிவு வந்த மறுநாளே செஞ்சி பேருந்து நிலையத்தைச் சுற்றி, பள்ளிகளின் தேர்ச்சி சதவீதத்தைப் பறைசாற்றும் பேனர்கள் முளைத்துவிடும். டீக்கடையில் தீர்ப்பும் எழுதியாகிவிடும்: சதவீதம் ஏறிய பள்ளி நல்ல பள்ளி, இறங்கிய பள்ளி உருப்படாத பள்ளி.

இந்த நம்பிக்கை இங்கே வேரூன்றக் காரணம் உண்டு. 2018 ப்ளஸ் டூ தேர்வில் எங்கள் விழுப்புரம் மாவட்டம் 83.35 சதவீதத்தோடு மாநிலத்தின் கடைசியில் நின்றது. அந்த அவமானம் ஆசிரியர்களைத் தூங்கவிடவில்லை. மாலை வகுப்பு, மெல்லக் கற்போருக்குக் கையேடு என்று பாடுபட்டார்கள்; சதவீதம் தொண்ணூறைத் தாண்டியது. அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. அந்த எண்ணைத்தான் நம்ப மறுக்கிறேன்.

அது வெறும் வகுத்தல் கணக்கு. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்றுதான் பார்க்கிறார்கள்; பள்ளியில் இருந்தவர்களில் எத்தனை பேர் என்று அல்ல. 2023 மார்ச் 13 அன்று நடந்த தமிழ்த் தேர்வுக்கு மாநிலமெங்கும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. மே மாதம் முடிவு வந்தது. எழுதியவர்கள் 8,03,385, தேறியவர்கள் 7,55,451. 94.03 சதவீதம் என்று கொண்டாடினோம். தோற்றவர்கள் 47,934 பேர். தோற்றவர்களைவிட வராதவர்களே அதிகம்! ஆனால் வராதவனால் சதவீதத்தில் ஒரு கீறலும் விழவில்லை. படிப்பில் பின்தங்கிய பிள்ளை பரீட்சைக்கு வராமல் போனால் பேனருக்கு லாபம். இதைவிடக் கொடுமையான கணக்கு வேறென்ன?

சரி, தேறியவர்களாவது எங்கே? 2022 மார்ச்சில் வந்த ‘நான் முதல்வன்’ திட்டமும், அதன் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் கல்லூரிக்குப் போகாதவர்களைத் தேடுகின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் ‘புதுமைப்பெண்’, பையன்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ என மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. ஒவ்வொரு பிள்ளையையும் அடையாளம் காண, மாணவர் விவரப் பதிவான ‘எமிஸ்’ எண்ணும் இருக்கிறது. நல்லவைதான். ஆனால் “சேர்ந்துட்டியாப்பா?” என்று போனில் கேட்டு, “சேர்ந்துட்டேன் சார்” என்றதும் டிக் போடுவதோடு தேடல் ஓய்ந்தால், அதுவும் பேனர்தான். மேல்மலையனூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஜூலையில் திண்டிவனம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, தீபாவளிக்குள் செய்யாறு சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டால், ஏட்டில் அவன் கல்லூரி மாணவன். வகுப்பிலோ அவன் பெஞ்சு காலி. கல்யாணத்துக்காகப் படிப்பை விட்ட பெண்ணின் பெயரும் அதே ஏட்டில் ‘சேர்ந்தார்’ என்றே இருக்கும்.

“பள்ளியை விட்டுப் போன பிள்ளைக்கும் நாங்களா பொறுப்பு?” என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் தலையில் இன்னொரு படிவத்தைக் கட்டச் சொல்லவில்லை. போன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தேடும் வேலைக்கென்று ஓர் ஆளும், அதற்கான நேரமும் பள்ளிக்கு வேண்டும். முக்கியமாக, இந்தத் தேடலை இன்னொரு சதவீதமாக்கி மாவட்டங்களை வரிசைப்படுத்தக் கூடாது. வரிசை வந்தால் பொய் டிக்கும் கூடவே வரும்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நூறு மூட்டை நெல் கொண்டுவரும் விவசாயியிடம், “தொண்ணூற்று நாலு எடை போட்டாச்சு, கிளம்புங்க” என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவாரா? “மீதி ஆறு மூட்டை எங்கய்யா?” என்று ஊரைக் கூட்டிவிடுவார். அதே மனிதர், பிள்ளை படிக்கும் பள்ளியில் சதவீதத்தைக் கேட்டுவிட்டுத் திருப்தியோடு வீடு திரும்புகிறார்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சதவீதம் பேச ஆரம்பித்தால், அவர் எழுந்து நின்று இதைக் கேட்டால் போதும்: “அது இருக்கட்டும் சார், போன வருஷம் இங்கிருந்து போன பிள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க?”