வண்டி நிற்கிற மாதங்கள்



திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு என்ஜின் சத்தம் புதிதல்ல. ராஜஸ்தானிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஒரு விவசாயி தன் காட்டில் போர் போட்டால், அங்கே நிற்கிற ரிக் வண்டி நம் ஊரிலிருந்து போனதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் நம் ரிக்குகள் போயிருக்கின்றன. ரிக்கை நம்பி லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, கம்ப்ரஸர் மெக்கானிக், ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்று எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. பக்கத்துச் சங்ககிரியில் லாரித் தொழில், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள். ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியில் காதைக் கொடுத்து, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனிதர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்கள் மோட்டார் சைக்கிளை நேசிப்பதில் வியப்பே இல்லை. இந்த இதழ் அவர்களுக்காகவும், அவர்களிடம் வண்டியை விடுகிற நமக்காகவும்.

மோட்டார் சைக்கிள் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓடுகிற வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நம் ஊரில் நிற்கிற வண்டியைப் பற்றியும் பேசியாக வேண்டும். ரிக்கில் வேலைக்குப் போகிற பையன் ஆசை ஆசையாக வண்டி வாங்குகிறான். நாலு வாரம் ஓட்டுவதற்குள் வடக்கே போகச் சொல்லி அழைப்பு வந்துவிடுகிறது. திரும்பி வரப் பல மாதம் ஆகும். வண்டி திண்ணையோரம், கவர் போட்டு நிற்கும். போகும்போது அப்பாவிடமோ தம்பியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான்: "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வைங்க."

நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் பாதி பலன்கூட இல்லாத யோசனை. வாசலில் நிறுத்தி இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் என்ஜின் முழுதாகச் சூடாவதில்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகிற நீராவி சைலன்சருக்குள் நீராகத் தங்குகிறது; கொஞ்சம் என்ஜின் ஆயிலிலும் கலக்கிறது. சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். செல்ஃப் அடிக்க பேட்டரி கொடுத்த கரண்ட் அந்த இரண்டு நிமிடத்தில் திரும்ப ஏறுவதும் இல்லை. ஸ்டார்ட் செய்தால் பதினைந்து இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டிவிட்டு வர வேண்டும். ஓட்ட ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் முறையாக நிறுத்தி வைப்பதே மேல்.

முறையாக என்றால், கிளம்புவதற்கு முன் ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்திருக்கிற அமிலமும் கசடும் மாதக்கணக்கில் பேரிங்குகளில் ஊறிக்கொண்டிருக்கக் கூடாது. இரும்பு டேங்க்காக இருந்தால் பெட்ரோலை முட்ட நிரப்பி வையுங்கள்; உள்ளே காலியிடம் இருந்தால் ஈரம் படிந்து துரு வரும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸுக்கும் வாஷருக்கும் ஆகாது. மாதக்கணக்கில் அது கார்புரேட்டரில் தங்கினால் ஜெட் அடைத்துக்கொள்ளும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, அடைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டுங்கள். குளவி கூடு கட்டுகிற இடம் அது. எலி வயரைக் கடிப்பது கிராமத்து வீடுகளில் தினப்படிச் செய்தி. வண்டியை நெல் மூட்டைக்கும் மக்காச்சோளத்துக்கும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். வண்டி மேல் ஆசை இருக்கிறதா என்பதை நான் இதில்தான் பார்க்கிறேன், மொபைலில் போடுகிற படத்தில் அல்ல.

இனி வாங்குகிற பேச்சு. ஸ்பிளெண்டர் ப்ளஸ்ஸின் எடை 112 கிலோ. கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய மனிதரின் எடை வித்தியாசம். காலையில் தறிக்குப் போய், வழியில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தை நாளில் மூட்டை ஏற்றி வருகிறவருக்கு எது தோது என்று அவருக்கே தெரியும். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசாக எக்ஸ்எல் இன்றும் நம் காட்டுப் பாதைகளில் புல்லுக்கட்டோடும் பால் கேனோடும் போவது சும்மா இல்லை. மாதம் ஒருமுறை மலையேறுகிறவருக்கு வேறு கணக்கு. இரண்டு வேலைக்கும் ஒரே வண்டிதான் என்றால், தினமும் செய்கிற வேலைக்கு ஏற்றதை வாங்குங்கள். இன்னொன்று, வாங்கும் முன்னே உங்கள் மெக்கானிக்கைக் கேளுங்கள். அவர் கைபடாத வண்டியை வாங்கிவிட்டு ஒவ்வொரு சர்வீஸுக்கும் சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ போகிற நண்பர்கள் எனக்கு உண்டு.

பழைய வண்டி மோகம் இப்போது உச்சத்தில் இருக்கிறது. ஆர்எக்ஸ் 100 வந்தது 1985-இல், நின்றது 1996-இல். 98 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின். அதன் சத்தத்துக்கு அடிமையாகாத வயசுப் பையன் அந்தக் காலத்தில் அரிது. இன்று நல்ல நிலையில் இருப்பதற்கு லட்சத்தைத் தாண்டி விலை சொல்கிறார்கள். பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்சி புக்கோடு ஒத்துப் போகிறதா, நம்பரைத் தேய்த்துத் திரும்ப அடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சிலிண்டரை எத்தனை முறை ரீபோர் செய்தார்கள் என்பது முக்கியம். கால் மில்லி கால் மில்லியாகக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டுக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சுவர் தீர்ந்துவிடும்.

புல்லட்டின் கதை நம் மாநிலத்தின் கதை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் தொழிற்சாலையில் வண்டி செய்தது. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடிவிட்டது. திருவொற்றியூரில் செய்வது நிற்கவில்லை. 1977-இல் அங்கிருந்து பிரிட்டனுக்கே புல்லட் ஏற்றுமதியானது. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. அந்தப் பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உதைப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு: டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, விட்டு, பிறகு ஒரே உதை. பக்குவம் தெரியாமல் உதைத்துக் கணுக்கால் வீங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கொல்லிமலை. நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் போனால் அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20 தான். தமிழ்நாடு முழுவதிலுமிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் இந்த வளைவுகளுக்காகவே வண்டியில் வருகிறார்கள். நாம் விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குக் கவலை இறக்கத்தில்தான்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை அங்கே கண்ணால் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க, டிரம் சூடேறி, பத்துப் பதினைந்து வளைவுக்குள் பிடி தளர்ந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். என்ஜின் இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் விட்டு விட்டுப் பிடித்தால் போதும். டூ ஸ்ட்ரோக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஆர்எக்ஸ் 100-இல் ஆயில் பம்ப் ஆக்ஸிலேட்டர் திறப்பைப் பொறுத்து ஆயில் விடுகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி, என்ஜின் வேகமாகச் சுற்ற, நெடுந்தூரம் இறங்கினால் பிஸ்டனுக்குப் போதிய ஆயில் போகாது, சீஸ் ஆகிவிடும். இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுவது பழைய ஆட்களின் வழக்கம். அதற்குக் காரணம் இதுதான். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. வெளியூர்க்காரருக்கு அது தெரியாவிட்டாலும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெல்மெட் பற்றி ஒரு வரி: ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட் செய்வதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் சட்டப்படி குற்றம். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வாங்குங்கள். சைலன்சரை மாற்றி ஊரை அதிரவைக்கிற தம்பிகளிடம் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மலையடிவாரத் தெருக்களில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் தூங்குகிறார்கள். கம்பெனி கொடுத்த சைலன்சரோடு ஓட்டுங்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. இப்போது தொழில் பழகும் பையன்கள் ஸ்கேனரை மாட்டி வண்டியின் கோளாறைப் படிக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் காதை வைத்துக் கோளாறு சொல்கிற, கைவிரலால் டேப்பட் இடைவெளி உணர்கிற தலைமுறை இன்னும் பட்டறையில் இருக்கும்போதே அவர்கள் அறிந்ததை எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். உங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் அடுத்த சர்வீஸின்போது அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதை அவர் சொல்கிற பேச்சிலேயே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். வருகிற இதழ்களில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்