மசாலா இல்லையென்றால் ருசி இல்லையா?

"வெள்ளைக்காரர் சமையலில் ருசியே கிடையாது" என்று 30 வருடம் வகுப்பில்கூடக் கேலி பேசியவன் நான். அமெரிக்காவில் மகள் வீட்டில், நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் நாள் விருந்தில்தான் அந்தக் கர்வம் இறங்கியது.

மகள் 2 நாள் முன்பே வான்கோழி முழுக்க உப்புத் தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். கறிக்குள் மெல்ல இறங்குவது உப்புதான். இலைகளின் மணம் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். அதனால் சேஜ், தைம், ரோஸ்மேரி இலைகளைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் குழைத்து, நெஞ்சுப் பகுதித் தோலுக்கு அடியில் பூசினாள். தோலின் மேல் தூவினால் ஓவன் சூட்டில் கருகிக் கசக்குமாம். தொடையின் தடித்த இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் வந்த பிறகே வெளியே எடுத்தாள்.

ஊரிலிருந்து கொண்டுபோன கரம் மசாலாப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அள்ளிப் போடுவது மட்டும் சமையல் அல்ல. எதை, எங்கே, எப்போது சேர்ப்பது என்பதும் சமையல்தான். அடுத்தவர் சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். என் பழைய மாணவர்கள் இந்த வாத்தியாரை மன்னிக்கட்டும்.